ஐந்தாவது முயற்சி

என் சித்தி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாருக்காவது சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். போனில் பேசுகிறாள் என்றால், "அதுக்குச் சம்பளமா?" என்று கேட்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. உறுப்பினர்கள் மட்டும்தான் அதற்குள் போகலாம். எந்தப் பழைய லிஃப்ட் எப்படி மக்கர் செய்யும், எதை முதலில் கழற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று அறுபது வருடத்துக் குறிப்புகள் உள்ளே இருக்கின்றன. உள்ளே போக முடியாமல் தவிக்கிற உறுப்பினர்கள் ஓர் எண்ணுக்கு அழைப்பார்கள். அதை எடுத்துப் பேசுகிற மூன்று பேரில் சித்தி ஒருத்தி. மூன்று பேரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள்.

நான் பள்ளியை முடித்துவிட்டு சித்தி வீட்டில் தங்கியிருந்த மாதங்களில் நடந்தது இது.

சித்தியின் அலுவலகம் என்பது ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு மடக்கு மேஜை. மேஜையில் கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஹெட்போன். ஹெட்போனை மாட்டினால் காது வலிக்கிறது என்று பாதி நேரம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மாலை நான்கு மணி வரை யாரும் மிக்ஸி போடக்கூடாது, குழாயை வேகமாகத் திறக்கக்கூடாது.

இதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கும் வேலை செய்தாள். கடை மூடியபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம், ஒருவரிடம் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்ததுதான். "என்ன தெரியுது?" என்று மொட்டையாகக் கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல வராது. "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லிவிடும். போனிலும் அதையேதான் செய்வாள். பட்டன் மேலே இருக்கிறதா, கீழேயா? எழுத்து சிவப்பா, கறுப்பா? சுற்றிக்கொண்டே இருக்கிறதா, நின்றுவிட்டதா?

ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலை செய்கிற சித்தப்பா சொல்வார்: "உன் சித்திகிட்ட சண்டை போடவே முடியாதுப்பா. நான் கத்தினா, 'கோவம் என் மேலயா, சாப்பாட்டு மேலயா, ஒண்ணைச் சொல்லுங்க'ம்பா. எனக்கே மறந்து போயிடும்."

அந்த மாதம் முதல் தேதியிலிருந்து சங்கம் ஒரு புதிய பூட்டைப் போட்டிருந்தது. முன்பெல்லாம் உறுப்பினர் எண்ணும் கடவுச்சொல்லும் போதும். இப்போது மூன்றாவதாக ஆறு இலக்க எண் ஒன்றும் கேட்டது. உறுப்பினரின் போனில் ஒரு சின்னச் செயலி இருக்கும். அது அரை நிமிடத்துக்கு ஒரு புதிய எண்ணைக் காட்டும். அந்த அரை நிமிடத்துக்குள் எண்ணைத் தளத்தில் போட்டுவிட வேண்டும். ஐந்து முறை தவறினால் ஒரு மணி நேரம் கணக்கு பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கச் சித்தியால் முடியாது, அவளுடைய மேலாளரால்கூட முடியாது. தானாகத் திறந்தால்தான் உண்டு.

புதிய பூட்டு வந்ததிலிருந்து சித்திக்குத் திட்டு வாங்காத நாளில்லை. பலருக்குச் சரியாக வேலை செய்தது. சிலருக்கு என்ன செய்தாலும் வேலை செய்யவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. "மறுபடி முயற்சி செய்யச் சொல்லுங்கள்" என்று மேலாளர் எழுதியிருந்தார். சித்தியும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை மதியம் அந்த அழைப்பு வந்தது.

"வணக்கம், உறுப்பினர் உதவி. சொல்லுங்க."

"மேடம், உள்ள போக விடமாட்டேங்குது. மூணு தடவை போட்டுட்டேன். சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க மேடம், ஆள் மாட்டியிருக்கு."

"எங்க மாட்டியிருக்கு?"

"லிஃப்ட்லதான் மேடம்! வேற எங்க?"

இளம் குரல். முப்பது வயதுக்குள் இருக்கும். பின்னால் காற்று இரைந்தது. மொட்டை மாடியில் நிற்கிறான் என்று தெரிந்தது.

அவன் அவசரமாகச் சொன்னதைச் சுருக்கினால் இதுதான். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துக் கரண்ட் போய்விட்டது. ஏழு மாடிக் கட்டடத்தின் பழைய லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண். அவளுக்கு ஆஸ்துமா. மூச்சு முட்டினால் வாயில் வைத்து இழுக்கிற மருந்தை ஆறாவது மாடி வீட்டிலேயே விட்டுவிட்டு, குப்பை கொட்டிவிட்டு வந்துவிடலாம் என்று கீழே இறங்கியிருக்கிறாள்.

"தீயணைப்புக்குச் சொன்னீங்களா?"

"சொல்லியாச்சு மேடம். பாலத்துல லாரி ஒண்ணு கவுந்து கிடக்காம். முக்கால் மணி நேரம் ஆகும்ங்கிறாங்க. எங்க மேஸ்திரி போன் எடுக்கல. இந்த மாடலை நான் கண்ணாலகூடப் பார்த்ததில்ல. மேல மெஷின் ரூம்ல ரெண்டு லீவர் இருக்கு. எதை முதல்ல எடுக்கணும்னு தெரியல. மாத்தி எடுத்தா பெட்டி மேல பாஞ்சுடும்."

ஒருவர் மட்டும் உள்ளே இருக்கும்போது மறுபுறம் தொங்குகிற எடைதான் கனமாக இருக்குமாம். பிரேக்கைத் தவறாக விட்டால் பெட்டி விழாது, மேலே போய் முட்டும். அதற்கான குறிப்பு சங்கத்தின் தளத்தில் இருந்தது. ஆனால் சித்தியாலும் அதைப் பார்க்க முடியாது. சான்றிதழ் வாங்கிய மெக்கானிக் மட்டுமே திறக்கலாம் என்பது விதி. அவள் திரையில் தெரிந்ததெல்லாம் அவனுடைய உறுப்பினர் எண்ணும், பக்கத்தில் சிவப்பாக 'தவறிய முயற்சி: 3' என்பதும்தான்.

"எப்ப வந்தீங்க தம்பி அங்க?"

"மூணு பதினாறுக்கே வந்துட்டேன். வந்ததுலேர்ந்து இதோடதான் மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன்."

திரையில் அழைப்பு வந்த நேரம் மூன்று பதினான்கு என்றிருந்தது. அப்போது சித்தி அதைக் கவனிக்கவில்லை.

"சரி, இனிமே நான் சொல்ற வரைக்கும் எதையும் தட்டாதீங்க. இன்னும் ரெண்டு தடவைதான் இருக்கு. இப்ப தளத்தைத் திறங்க. திறக்குதா, சுத்திக்கிட்டே இருக்கா?"

"திறக்கிறேன்... இருங்க..."

அழைப்பு அறுந்தது.

சித்தி ஒரு கணம் கையை மேஜைமேல் வைத்தாள். பிறகு அவளே அழைத்தாள். மணி அடித்தது, எடுத்தான், "திறந்துச்சு" என்றான், மறுபடி அறுந்தது. மூன்றாவது முறை எடுத்ததும் சித்தி முந்திக்கொண்டாள்.

"தம்பி, சிக்னல் எத்தனை கோடு காட்டுது?"

"ஒண்ணு. அதுவும் வந்து வந்து போகுது."

"நீங்க நெட்டைத் தொட்டா போன் கட்டாகுது. ரெண்டையும் ஒரே போனால தாங்க முடியல. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"அந்தம்மாவோட வீட்டுக்காரர் இருக்காரு."

"அவர் போன்ல இருந்து இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொன்னா வேற யாராவது எடுத்துடுவாங்க. அவர் நம்பரைச் சொல்லுங்க, நானே கூப்பிடறேன்."

கணவரின் போனுக்கு அழைத்தாள். அவர் எடுத்த எடுப்பிலேயே கத்தினார்.

"என்னம்மா நீங்க கேள்வி மேல கேள்வி கேட்டுக்கிட்டிருக்கீங்க? அங்க என் பொண்டாட்டி இருமிக்கிட்டிருக்கா! பாஸ்வேர்டாம் பாஸ்வேர்டு! எதையாவது இழுத்து விடச் சொல்லுங்க அவனை!"

"அண்ணா, இழுத்துவிட்டா அவங்களுக்குத்தான் அடிபடும். போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தம்பிகிட்ட நீட்டுங்க. கத்தணும்னா அந்தப் பக்கம் திரும்பிக் கத்துங்க, எனக்கு அவர் குரல் கேக்கணும்."

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். அந்த இடைவெளியில் வேறொரு சத்தம் கேட்டது. மெஷின் ரூம் தரையில் கம்பிக் கயிறு இறங்குகிற ஓட்டை இருக்கும். அதன் வழியாகக் கீழேயிருந்து இருமல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. சித்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கடவுச்சொல் போட்டீங்களா?"

"போட்டுட்டேன் அக்கா." மேடம் அக்கா ஆகிவிட்டிருந்தாள்.

"எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துல கண் மாதிரி ஒரு படம் இருக்கும். அதைத் தொட்டா எழுத்து தெரியும். முதல் எழுத்து பெரிசா இருக்கா, சின்னதா?"

"பெரிசா இருக்கு."

"அப்படி வைக்கணுமா?"

"இல்லக்கா! சின்னதுதான்! இந்தப் பாழாப்போன போன் தானா மாத்திடுச்சு!"

"அதைச் சின்னதாக்குங்க. இப்ப ஆறு நம்பர் காட்டுற செயலியைத் திறந்து, பார்த்து நிதானமாப் போடுங்க."

கணவர் "கடவுளே, கடவுளே" என்று முணுமுணுப்பது கேட்டது. அவன் ஒவ்வொரு எண்ணாக வாய்க்குள் சொல்லிக்கொண்டு தட்டினான். சித்தியின் திரையில் மூன்று நான்காக மாறியது.

"தப்புங்குதுக்கா."

"என்ன தப்புன்னு சொல்லுது?"

"'விவரம் தவறு.' அவ்வளவுதான்."

அந்தத் தளத்தின் பெரிய குறையே அதுதான். கடவுச்சொல் தவறா, ஆறு இலக்கம் தவறா என்று பிரித்துச் சொல்லாது. திருடர்களுக்குத் துப்பு கிடைத்துவிடக் கூடாதாம். புதிய கடவுச்சொல் வாங்கலாம் என்றால் அது மின்னஞ்சலுக்குப் போகும். அவன் மின்னஞ்சல் நகரத்தின் மறுகோடியில் இருக்கிற கம்பெனிக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும்.

சித்தி மேலாளருக்கு ஒரு வரி எழுதினாள்: 'லிஃப்டில் ஆள் சிக்கியிருக்கிறார், நான்கு முயற்சி போய்விட்டது, கணக்கைத் திறந்துவிட வழியுண்டா?' உடனே பதில் வந்தது. 'வழியில்லை. ஐந்தாவதை வீணாக்காதீர்கள்.'

"அக்கா? இருக்கீங்களா? போட்டுப் பாத்துடறேன் அக்கா, வர்றது வரட்டும்."

"போடாதீங்க."

"அப்புறம் என்னதான் பண்றது? இங்க நிக்க முடியல அக்கா. மூணு முப்பத்து மூணு ஆச்சு. அந்தம்மா இருமல் நின்னு போச்சு."

இருமல் நின்றுவிட்டது என்பதுதான் முதலில் சித்தியின் காதில் விழுந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்கப்புறம்தான் மற்றது விழுந்திருக்க வேண்டும். திரையின் மூலையைப் பார்த்தாள். மூன்று இருபத்து நான்கு.

"தம்பி, உங்க போன்ல இப்ப மணி என்ன?"

"அட, மணி பாக்கிற நேரமா அக்கா இது!"

"சொல்லுங்க."

"மூணு முப்பத்து மூணு."

"அண்ணா, உங்க கையில வாட்ச் இருக்கா? அதுல என்ன?"

கணவர் தடுமாறினார். "மூணு... இருபத்து நாலு."

சித்தி கண்ணை மூடித் திறந்தாள். "தம்பி, உங்க போன் ஒன்பது நிமிஷம் முன்னாடி ஓடுது."

"ஆமாக்கா, அது நாங்க வேணும்னே வெக்கிறது. புகார் வந்து அரை மணிக்குள்ள போய் நிக்கலைன்னா கம்பெனியில காய்ச்சி எடுத்துடுவாங்க. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே மேஸ்திரி போனைப் பிடுங்கி மணியை முன்னாடி தள்ளி வெச்சுக் குடுப்பாரு. எங்க செட்டுல எல்லார் போனும் அப்படித்தான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்த ஆறு நம்பர் உங்க போன் மணியைப் பாத்துத்தான் வருது. உங்க போன் இப்ப காட்டுறது இன்னும் ஒன்பது நிமிஷம் கழிச்சு வர வேண்டிய நம்பர். சங்கத்துல கதவுகிட்ட இருக்கிறவனுக்கு அது என்னன்னே தெரியாது."

அவன் மிக மெதுவாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அதை நான் எழுதவில்லை.

நேரத்தைத் திருத்துவதற்குள் ஒரு யுகம் ஆனது. அமைப்புகளுக்குப் போ, கீழே நகர்த்து, தேதியும் நேரமும் என்பதைத் தொடு, 'தானாக அமை' என்பதற்குப் பக்கத்தில் இருக்கிற பட்டன் பச்சையா சாம்பலா? சாம்பல். அதைத் தொடு. பச்சையாயிற்றா? ஆகவில்லை. கை வியர்த்திருக்கிறது, சட்டையில் துடைத்துக்கொண்டு தொடு. ஆயிற்று.

"இப்ப மணி?"

"மூணு இருபத்தேழு."

"அண்ணா, உங்க வாட்ச்?"

"அதேதான்மா, அதேதான்." அவர் குரலில் கத்தல் போய்விட்டிருந்தது. அழுகைதான் மிச்சம்.

"இப்ப செயலியில இருக்கிற நம்பரைத் தொடாதீங்க. அது போய்ப் புதுசு வரட்டும். கடவுச்சொல்லை முதல்ல போட்டு வெச்சுக்கோங்க. கண்ணைத் தொட்டுப் பாருங்க. ஒவ்வொரு எழுத்தா."

"பாத்துட்டேன். சரியா இருக்கு. அக்கா, இதுவும் போச்சுன்னா?"

உண்மையில் சித்திக்கு உறுதியாகத் தெரியாது. கடவுச்சொல்லையே அவன் தவறாக ஞாபகம் வைத்திருக்கலாம். நேரம் சரியானாலும் எண் சரியாகுமா என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. இரண்டு வாரமாக மறுபடி முயற்சி செய், மறுபடி முயற்சி செய் என்று சொல்லி அனுப்பிய அத்தனை பேரும் அவள் மனதில் வந்து போனார்கள் என்று பிறகு சொன்னாள். அந்த இருபது நொடியும் அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்தாள்.

"மாறிடுச்சுக்கா."

"போடுங்க."

திரையில் அந்த நான்கு அப்படியே நின்றது. பிறகு அழிந்தது. அந்த இடத்தில் பச்சையாக 'உள்ளே' என்று வந்தது.

"திறந்துடுச்சு! அக்கா, திறந்துடுச்சு!"

"சந்தோஷத்தை அப்புறம் படுங்க. மாடல் நம்பரைத் தேடுங்க."

தேடினான். பக்கம் வந்தது, ஆனால் பாதிதான் வந்தது. எட்டுப் படங்கள் இருந்த பக்கம் அது. ஒற்றைக் கோடு சிக்னலில் முதல் படமே மேலிருந்து மயிரிழை மயிரிழையாக இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் 'எழுத்து மட்டும்' என்று ஒரு வரி இருக்கும், அதைத் தொடு என்றாள் சித்தி. பல மாதங்களுக்கு முன் சித்திதான் சங்கத்தாரிடம் கெஞ்சி அதை வைக்கச் சொன்னாளாம். யாருமே தொடுவதில்லை என்று எடுத்துவிடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துடுச்சு. 'முதலில் மெயின் சுவிட்சை அணை. சக்கரத்தை இரு கையாலும் பிடித்துக்கொள். இரண்டாமவர் இடது லீவரை...' அய்யோ, நான் வலதைத்தான் இழுக்க இருந்தேன் அக்கா."

"பேசாம போய் வேலையைப் பாருங்க. அண்ணா, நீங்க அவர் சொல்றபடி லீவரைப் பிடிங்க. அது முடிஞ்சதும் மருந்தை எடுத்துக்கிட்டு அஞ்சாவது மாடிக்கு ஓடுங்க."

மெஷின் ரூமின் இரும்புக் கதவை முழுசாகத் தள்ளும் சத்தம் கேட்டது. அதோடு அழைப்பு போய்விட்டது. மணி மூன்று முப்பத்தொன்று.

திரும்ப அழைத்தால் கை வேலை கெடும். சித்தி அழைக்கவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் ஒரு செய்தி போட்டாள்: 'லிஃப்டில் மாட்டிய பெண்ணைப் பற்றி யார் அழைத்தாலும் எனக்கு மாற்றி விடுங்கள்.' அதை அனுப்பி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. எடுக்காமல் விட முடியாது, வேலை அது.

"வணக்கம், உறுப்பினர் உதவி. சொல்லுங்க."

"மேடம், நான் மீசையை எடுத்துட்டேன்."

"சார்?"

"என் உறுப்பினர் பக்கத்துல மீசையோட போட்டோ இருக்கு. என் மாப்பிள்ளை பாத்துட்டு யாரோ மாதிரி இருக்கீங்க மாமாங்கிறான். மாத்தணும்."

சித்தி அவருக்கு மேலே, கீழே, சிவப்பு, பச்சை எல்லாம் பொறுமையாகச் சொல்லி மீசை இல்லாத படத்தை ஏற்றவைத்தாள். அவள் குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. மேஜைக்கு அடியில் அவளுடைய வலது கால் மட்டும் தையல் மெஷின் மிதிப்பது போல ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்று ஐம்பது. எதுவும் வரவில்லை. நான்கு மணிக்கு அவள் வேலை நேரம் முடிந்தது. எழுந்திருக்கவில்லை. சித்தப்பா வேலையிலிருந்து வந்து, மிக்ஸியைப் போடலாமா என்று சைகையில் கேட்டார். சித்தி அவரைப் பார்த்த பார்வையில் மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான்கு பதினொன்றுக்கு ஓர் அழைப்பு மாற்றிவிடப்பட்டு வந்தது. அந்தப் பக்கம் மெக்கானிக்.

"அக்கா! வெளிய எடுத்தாச்சு! பெட்டியைக் கையாலயே நாலாவது மாடிக்கு இறக்கிட்டோம். இவரு மருந்தோட அஞ்சாவது மாடியில நின்னுக்கிட்டு கதவு திறக்கல திறக்கலன்னு கத்திக்கிட்டிருக்காரு, அந்தம்மா நாலாவது மாடி படியில உக்காந்திருக்காங்க! அப்புறம் நான்தான் அவரைக் கீழ இழுத்துக்கிட்டு வந்தேன்."

"எப்படி இருக்காங்க?"

"உதடெல்லாம் ஒரு மாதிரி நீலமா இருந்துச்சுக்கா. மருந்து இழுத்த பிறகு தேவலை. டாக்டர் வந்துட்டுப் போயிட்டாரு. அவங்க உங்ககிட்டப் பேசணுமாம். வேண்டாம்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

போன் கைமாறியது. ஒரு பெண்ணின் மூச்சு கேட்டது. உள்ளே போகும்போது ஒரு சின்ன விசில், வெளியே வரும்போது இன்னொன்று.

"நீங்க..." என்றது அந்தக் குரல். பிறகு மூச்சு. "அவரு... உங்களைத்... திட்டினாராமே."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நீங்க பேசாதீங்க."

"நானும்... திட்டிட்டேன்... அவரை."

"நல்லா செஞ்சீங்க. இப்ப பேச வேண்டாம். போனை வெச்சுட்டுப் படுங்க."

அந்தப் பெண் போனை வைக்கவில்லை. சித்தியும் வைக்கவில்லை. மேஜை ஸ்பீக்கரிலிருந்து அந்த மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. முதலில் வேகமாக, இடறி இடறி. பிறகு கொஞ்சம் நீளமாக. சித்தி முன்னால் சாய்ந்து, கன்னத்தில் கை வைத்து, அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். விசில் சத்தம் தேய்ந்து தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஆன பிறகுதான் அந்தப் பக்கத்தில் போனை வைத்தார்கள்.

மறுநாள் மேலாளர் இரண்டு விஷயங்களுக்காக அழைத்தார். ஒன்று, போனின் நேரத்தைச் சரிசெய்யும்படி எல்லா மெக்கானிக்குகளுக்கும் ஓர் அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார். இன்னொன்று, பதிவைப் பார்த்துவிட்டுக் கேட்டது. நான்கு பதினொன்றுக்கு வந்த அழைப்பு ஒன்பது நிமிடத்துக்கு மேல் போயிருக்கிறது, பேச்சு ஒரு நிமிடம்கூட இல்லை, லைன் கோளாறா என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றாள் சித்தி. "லைன் நல்லாத்தான் இருந்துச்சு."